மூன்று, நான்கு மானிட்டர் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு அசெம்பிளர்:

சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் ஒரு கேபினெட்டுக்கு ஒரு மானிட்டர். இப்போது ஆடிட்டர் ஆபீஸ், ஷேர் மார்க்கெட் பார்ப்பவர்கள், ஆல்பம் டிசைன் செய்பவர்கள் என்று யார் வந்தாலும் மூன்று வேண்டும், நான்கு வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஒரு திரையில் டாலி, அடுத்ததில் ஜிஎஸ்டி போர்ட்டல், மூன்றாவதில் எக்செல் என்று வைத்துக்கொண்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரத்தில் எவ்வளவு நிம்மதி என்பது அந்த வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது ஐ5 போதுமா ஐ7 வேண்டுமா, ரேம் 16 போடலாமா 32 போடலாமா என்பதைத்தான். அதெல்லாம் அப்புறம். கேபினெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள் என்பேன். பின்னால் எத்தனை போர்ட் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அவற்றில் ஒரே நேரத்தில் எத்தனை திரை எரியும் என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கைக் கடையில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நடந்தது. வேறொரு கடையில் சிஸ்டம் வாங்கியிருந்தார்கள், எச்410 மதர்போர்டு, பின்னால் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ என்று மூன்று போர்ட், அதற்கு மூன்று மானிட்டர். இரண்டு எரிகிறது, மூன்றாவது 'நோ சிக்னல்'. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மூன்று கட்டமும் தெரிகிறது, மூன்றாவதை ஆன் செய்தால் எரிந்துகொண்டிருந்த ஒன்று அணைந்துவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் பையன் கேபிளை மாற்றியிருக்கிறான், மானிட்டரை மாற்றி மாட்டியிருக்கிறான், கடையில் கேட்டதற்கு மானிட்டர் கம்ப்ளைன்ட், சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மானிட்டரில் ஒன்றுமே இல்லை. எச்410 என்பது அந்த மதர்போர்டின் சிப்செட், அதாவது போர்டில் என்னென்ன வசதி வரும் என்பதை முடிவு செய்யும் சிப்; அதன் வடிவமைப்பே இரண்டு திரைதான், போர்ட் எத்தனை வைத்தாலும் சரி. அதே பிராசசரை பி460 போர்டில் போட்டால் மூன்று வரும். அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான், எச்510 என்றால் இரண்டு, பி560 என்றால் மூன்று. அதற்கடுத்து வந்த எச்610 மூன்று, பி660 நான்கு. இன்டெல் தளத்தில் சிப்செட் பெயரைப் போட்டுத் தேடினால் 'ஆதரிக்கும் டிஸ்ப்ளே எண்ணிக்கை' என்று ஒரே ஒரு வரி இருக்கும், அந்த வரியைப் பார்க்காமல் போர்டு வாங்காதீர்கள்.

அந்த ஆபீஸுக்குப் போர்டை மாற்றவில்லை. செகண்ட் ஹேண்டில் குவாட்ரோ பி620 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டேன். கேம் விளையாடுகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், ஆனால் பின்னால் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட், நான்கிலும் ஒரே நேரத்தில் திரை வரும், மின்சாரம் 40 வாட்தான், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனி வயர் இழுக்கவும் வேண்டாம். டாலிக்கும் எக்செலுக்கும் இது தாராளம். இதே வகையில் டி1000 என்றாலும் நான்கு, டி400 என்றால் மூன்று.

கேமிங் கார்டு வாங்குகிறவர்களும் இதைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050, 3060 போன்றவை நான்கு திரை வரை போகும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் வேகத்தில் மோசமில்லை, ஆனால் இருப்பதே இரண்டு போர்ட்தான். ஜிடி 1030-ம் இரண்டுதான். இன்னொன்று, பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால், உதாரணமாக 12400எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ வெறும் ஓட்டைதான், அதில் எதைச் செருகினாலும் படம் வராது. விலை குறைவு என்று அதைத் தள்ளிவிடுவார்கள். தனி கார்டு எப்படியும் போடப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை, இல்லையென்றால் எஃப் இல்லாததையே கேளுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கும்பகோணம் ஆல்பம் டிசைன்:

அண்ணா, போர்ட் கணக்கு சரியாக இருந்தாலும் கேபிளில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். எங்கள் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ஒருவர் மூன்றாவது மானிட்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், கடைக்காரர் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாட்டினால் இரண்டு திரையிலும் ஒரே படம். ஸ்ப்ளிட்டரின் வேலையே அதுதான், கல்யாண மண்டபத்தில் ஒரே லைவ் வீடியோவை நாலு டிவியில் காட்டுவதற்கு உள்ள சாமான் அது. திரையை நீட்டுவதற்கு அது உதவாது, எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் உதவாது.

கன்வெர்ட்டர் கேபிளிலும் திசை இருக்கிறது. கார்டில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் சாதாரண கேபிளே போதும். கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் என்றால் அதே கேபிளைத் திருப்பி மாட்டி ஒன்றும் நடக்காது, மின்சாரம் கொடுத்து இயங்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும்.

எனக்கு நேர்ந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் மதர்போர்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனியின் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்று வாங்கினோம். மாலையில் ஷட்டவுன் செய்துவிட்டுப் போனால் கேபினெட் உள்ளே சின்ன வெளிச்சம் அணையாமல் இருக்கும், காலையில் வந்து பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் என்றார்கள், ரேம் என்றார்கள். அந்தக் கேபிளை உருவிவிட்டு அழுத்தினால் உடனே ஆன் ஆகிறது! காரணம் 20-வது பின். டிஸ்ப்ளேபோர்ட்டில் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் வரும், அது சின்ன அடாப்டர்களுக்காக உள்ளது. மானிட்டருக்குப் போகும் சாதாரண கேபிளில் அந்தப் பின்னை இரண்டு முனைக்கும் சேர்த்து வயர் இழுக்கவே கூடாது என்பது விதி. மலிவான கேபிள்களில் இழுத்துவிடுகிறார்கள், கணினி அணைந்திருக்கும்போது மானிட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகக் கார்டுக்கு ஏறுகிறது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரண்டு முனையிலும் 20-வது பின்னைத் தொட்டுப் பார்த்தோம், பீப் சத்தம் கேட்டது, கேபிள் குப்பைக்குப் போனது. டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று பெற்ற கேபிள் வாங்கினோம், அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை.

டிசைன் வேலைக்கு மானிட்டர் வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. 4கே மானிட்டரைப் பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் மாட்டினால் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், அதாவது படம் நொடிக்கு 30 முறைதான் மாறும். படம் அழகாகத்தான் இருக்கும், மவுஸை நகர்த்தினால்தான் தெரியும், கர்சர் விட்டுவிட்டு இழுக்கும், ஃபோட்டோஷாப்பில் மாஸ்க் வரைய முடியாது. 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட். அப்புறம் முடிந்தவரை இரண்டு மானிட்டரையும் ஒரே அளவில், ஒரே மாடலில் வாங்குங்கள். 24 அங்குல 1080பி திரையில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி, 27 அங்குல 4கே திரையில் சுமார் 163. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விண்டோவை இங்கிருந்து அங்கே இழுக்கும்போதெல்லாம் எழுத்து சின்னதும் பெரியதுமாக மாறும், கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். கலர் விஷயத்தில் ஒரே மாடல் என்றாலும் நம்பாதீர்கள், பேட்ச் மாறினால் மஞ்சள் தூக்கலாக வரும். மணப்பெண் முகத்தை எந்தத் திரையில் திருத்துகிறோமோ அதைக் காலிப்ரேட் செய்துவிட்டு (நிறம் சரியாகத் தெரியும்படி அளந்து திருத்திவிட்டு), மற்றதில் பேலட்டுகளை, அதாவது ஃபோட்டோஷாப்பின் கருவிப் பட்டிகளை மட்டும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சேலம் டிரேடர்:

நான்கு மானிட்டர் வைத்திருக்கிறேன், நடுவில் இரண்டு, அவற்றுக்கு மேலே இரண்டு. சார்ட் பார்க்க வேகமான கிராஃபிக்ஸ் தேவையே இல்லை, முதல் பதிவில் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் சொல்ல வந்தது கரன்ட்.

எங்கள் பகுதியில் காலையில் மார்க்கெட் தொடங்கும் 9.15-ஐ ஒட்டி மின்சாரம் போய் வருவது உண்டு. நண்பர் ஒருவர் கேபினெட்டை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டி, மானிட்டர்களைச் சுவர் பிளக்கில் மாட்டியிருந்தார். கரன்ட் போனது, கேபினெட் ஓடுகிறது, திரை எல்லாம் கறுப்பு, கையில் ஓபன் பொசிஷன், அதாவது இன்னும் முடிக்காத டிரேடு. மொபைலில் லாகின் செய்து வெளியே வருவதற்குள் மனுஷன் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். 24 அங்குல எல்இடி மானிட்டர் ஒன்று 20 வாட் அளவில்தான் இழுக்கும், நான்கும் சேர்ந்து 80 வாட். சந்தையில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பலவும் 360 வாட் வரை தாங்கும், பெரிய கேமிங் கார்டு இல்லாத கேபினெட்டும் மோடமும் சேர்ந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். எல்லாவற்றையும் அதிலேயே மாட்டுங்கள், மோடத்தை மறக்காதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அதன் பின்பக்கத்தில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மலில் இருந்தால் கரன்ட் மாறும் அந்த நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆக வாய்ப்பு அதிகம்.

மானிட்டர் ஆர்ம் வாங்கும் முன் மானிட்டரின் முதுகில் நான்கு ஸ்க்ரூ துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மில்லிமீட்டர். விலை குறைந்த சில மாடல்களில் துளையே இருக்காது. கண்ணாடி மேஜையில் கிளாம்ப் ஆர்ம் வேண்டவே வேண்டாம்.

சிவகாசி டிடிபி:

தம்பிகள் எழுதுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் இரண்டு திரை வைத்தது விண்டோஸ் 98 காலத்தில், ஒரு கணினியில் பல மானிட்டரை விண்டோஸ் ஏற்றுக்கொண்டதே அதிலிருந்துதான். மதர்போர்டின் ஏஜிபி ஸ்லாட்டில் ஒரு கார்டு, பிசிஐ ஸ்லாட்டில் ஒரு கார்டு. பிறகு 1999-ல் மேட்ராக்ஸ் ஜி400 வந்தபோது ஒரே கார்டில் இரண்டு மானிட்டர் என்பதே பெரிய விஷயம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும், அதற்கு முன்னால் ராத்திரி பகலாக வேலை, ஒரு திரையில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் பக்கம், இன்னொன்றில் படங்கள். இரண்டு சிஆர்டியை (பழைய பிக்சர் டியூப் மானிட்டர்) ஒட்டி வைத்தால் ஒன்றின் காந்தப் புலத்தில் மற்றதன் படம் நடுங்கும், நடுவில் இடம் விட்டு வைப்போம். இப்போது விளிம்பே இல்லாமல் சேர்த்து வைக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள்.

சென்னை மேக்:

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில், டிஸ்ப்ளேபோர்ட் அவுட் உள்ள மானிட்டர் வாங்கினால் ஒரே கேபிளில் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொள்ளலாம் என்றார்கள். விண்டோஸில் அது உண்மை, எம்எஸ்டி என்று பெயர், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால் 1080பி திரை நான்கு வரை ஒரே போர்ட்டில் ஓடும், மானிட்டர் மெனுவில் எம்எஸ்டியை ஆன் செய்ய வேண்டும், கடைசி மானிட்டரில் மட்டும் ஆஃப். மேக் ஓஎஸ்ஸில் மட்டும் இது வேலைக்காகாது, கோத்த இரண்டிலும் ஒரே படம்தான் வரும். எம்1 மேக் மினி என்றால் தண்டர்போல்ட்டில் ஒன்று, எச்டிஎம்ஐயில் ஒன்று, மொத்தம் இரண்டு. கடையில் பணம் கட்டும் முன் இதை விசாரித்ததால் வேறு மானிட்டர் எடுத்தேன்.

புதியவர், தஞ்சாவூர்:

அண்ணா, என்னிடம் 12400 இருக்கிறது, எஃப் இல்லாதது. கார்டில் மூன்று போர்ட், மூன்றும் ஓடுகிறது. நான்காவது மானிட்டரை மதர்போர்டு எச்டிஎம்ஐயில் மாட்டினால் 'நோ சிக்னல்'. புது கார்டு வாங்க வேண்டுமா?

ஈரோடு அசெம்பிளர்:

வேண்டாம் தம்பி, பணத்தைச் செலவு செய்யாதீர்கள். தனி கார்டு மாட்டியதும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் மெனு) போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்று இருந்தால் எனேபிள் செய்யுங்கள், சில போர்டில் 'இன்டர்னல் கிராஃபிக்ஸ்' என்று இருக்கும், ஆட்டோவில் இருப்பதை எனேபிளுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் வந்தபின் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரையும் போட வேண்டும். சார்ட், வேர்டு மாதிரி சாதுவான வேலையை அந்த நான்காவதில் வையுங்கள், வீடியோ எடிட்டிங்கைக் கார்டில் மாட்டிய திரையிலேயே செய்யுங்கள். போர்டு மாடல் என்ன என்று எழுதினால் மெனு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.