முன்பல்லுக்கு வெனீர் போடலாமா?

தண்டையார்பேட்டை அண்ணன்:
தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். முன்பல் இரண்டிலும் சின்ன வயசிலிருந்தே பழுப்புக் கறை. எம்.சி. ரோட்டில் முகூர்த்தப் புடவை எடுத்தபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு, போடச் சொல்கிறார்கள். முன்னால் என்னென்ன பார்க்கணும்?

ராயபுரம் அக்கா:
தம்பி, நான் பீங்கான் வெனீர் போட்டிருக்கிறேன். பொதுவாகப் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டுத்தான் ஒட்டுவார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் இப்போதே யோசியுங்கள். பல் நிறப் பிசினில் செய்யும் காம்போசிட் வெனீர் விலை குறைவு, பெரும்பாலும் சீவலும் குறைவு. ஆனால் சீக்கிரம் கறை பிடிக்கும். சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யணும். வெண்மையாக்குவதென்றால் அதையும் முன்பே முடித்துவிடுங்கள், பீங்கானின் நிறம் பிறகு மாறாது. எனக்குத் தற்காலிக வெனீர் போட்டு, கண்ணாடியை வாசல் வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். குழல் விளக்கில் சரியாகத் தெரிந்த நிறம் வெயிலில் சுண்ணாம்பாக அடித்தது, மாற்றச் சொன்னேன்.

பெரம்பூர்வாசி:
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாளா? அப்படியானால் வெனீர் உடையும், இரவில் பல்லுக்கு நைட் கார்டு என்ற காப்பு உறை போடணும். கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே ஒருமுறை காட்டுங்கள். கறை மேலாக இருந்தால் சுத்தம் செய்தாலே போய்விடும்.

தண்டையார்பேட்டை அண்ணன்:
ஆமாம், நறநறவென்று கடிப்பாள் என்று அம்மாவும் சொல்கிறார். திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன். நன்றி அக்கா.