நூறு வருச வீட்டிலை யன்னல் மாத்தினால் மறியலாம்!

சோளகம்:
லண்டன் குறொய்டனிலை இருக்கிற ஒரு அண்ணை நேற்று இந்தக் கருத்துக்களத்திலை வேறை ஒரு திரியிலை எழுதிப்போட்டுப் போயிருக்கிறார்: "நூறு வருசம் தாண்டின வீட்டின்ரை மர யன்னலைக் கழட்டி அலுமினியம் போடுறவன் சட்டப்படி குற்றவாளி. லண்டனிலை எண்டால் மறியல், சிறைதான்." எங்கடை வீடு யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலை. பூட்டனார் மலாயாக் காசிலை கட்டின, நடு முற்றத்தைச் சுத்தி நாலு பக்கமும் எழும்பின நாற்சார் வீடு. தெருப்பக்கத்து யன்னல் ரெண்டின்ரை கீழ்க்கட்டை உளுத்துக் கொட்டுது. மாரி வந்தால் தண்ணி நேரை படுக்கையிலை. நான் அலுமினியத்துக்கு விலை கேட்டு வைச்சிருக்கிறன். எந்த மறியலுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போறது எண்டு அண்ணை சொல்லட்டும்.

குறொய்டன்காரன்:
சொன்னது நான்தான், இப்பவும் சொல்லுறன். இங்கை அரசாங்கம் மரபுக் கட்டடம் எண்டு பட்டியலிட்ட கட்டடத்தின்ரை யன்னலை அனுமதியில்லாமல் மாத்தினால் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிரிமினல் குற்றம். ரெண்டு வருசம் வரைக்கும் உள்ளை போடலாம். ஒற்றைக் கண்ணாடியைக் கழட்டி இரட்டைக் கண்ணாடி போடுறதெண்டாலும் கேக்க வேணும். ஊரிலையும் நூறு வருசம் எண்டு சட்டம் இருக்கு. எங்கடை சனத்துக்குச் சட்டம் எண்டால் பகிடி.

பழைய படவரைஞர்:
ரெண்டு நாட்டுச் சட்டத்தையும் போட்டுக் குழைக்காதேங்கோ. இலங்கையிலை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்திலை பழசு எண்டதுக்குக் கோடு கீறியிருக்கிறது 1815 மார்ச் 2இலை. அதுக்குப் பிந்தின கட்டடத்தையும், நூறு வருசம் தாண்டியிருந்தால், பாதுகாக்கலாம். ஆனால் அமைச்சர் இன்ன கட்டடம் எண்டு குறிச்சு அரசாங்க வர்த்தமானியிலை அறிவிக்க வேணும். அப்பிடி அறிவிச்சதிலை கைவைக்கத்தான் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின்ரை அனுமதிப்பத்திரம். வீடு கிழடானவுடனை தானாய் நினைவுச்சின்னம் ஆகாது.

மாநகரசபைப் பக்கம் வேறை. அது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். இருந்த திறப்புக்குள்ளை இருந்த அளவிலை யன்னல் மாத்துறவரிட்டை ஆரும் வரைபடம் கேட்டதை நான் காணேல்லை. சுவரை வெட்டித் திறப்பைப் பெருப்பிச்சால் கதை வேறை.

குறொய்டன்காரன்:
நூறு வருசம் எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள் ஐயா. நன்றி.

பழைய படவரைஞர்:
வர்த்தமானி எண்டும் சொன்னனான்.

குறொய்டன்காரன்:
சட்டத்திலை நூறு வருசம் எண்டு இருக்கோ இல்லையோ? ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்கோ.

லூசியம் மருமோன்:
அண்ணை, பழசு வேறை, பட்டியலிட்டது வேறை. இங்கிலாந்திலை 1700க்கு முந்தினது ஓரளவு அப்பிடியே நிண்டால் பெரும்பாலும் பட்டியலிலை வரும், 1850 வரையிலானதிலையும் கனக்க வரும். அதுக்குப் பிறகு ஆய்ஞ்சு எடுக்கிறதுதான். பட்டியலிலை இல்லாத தனிவீடு மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள்ளை இருந்தாலும், கவுன்சில் அந்தச் சலுகையை எடுக்கிற 4ஆம் உறுப்புரைக் கட்டளை போடாட்டில், பழசின்ரை தோற்றத்துக்குக் கிட்டின யன்னலை ஆரையும் கேளாமல் போடலாம். பொங்கலுக்கு நீங்கள் போட்ட படத்திலை பின்னாலை தெரிஞ்சது வெள்ளைப் பிளாஸ்ரிக் யன்னல். அதுக்கு ஆரைக் கேட்டனியள்?

குறொய்டன்காரன்:
என்ரை வீடு 1930களிலை கட்டினது. நூறு வருசம் இன்னும் ஆகேல்லை.

லூசியம் மருமோன்:
கும்பிடுறன் அண்ணை.

வல்வை மைந்தன்:
எனக்கு ஒரு கேள்வி. 1815 ஆற்றை வருசம்? கண்டி விழுந்த வருசம். எங்கடை ராச்சியம் 1619இலை போட்டுது. 1658இலை ஒல்லாந்தன் வந்து, 1795இலை வெள்ளைக்காரனும் வந்து, எல்லாம் முடிஞ்சு இருபது வருசத்துக்குப் பிறகு கண்டியிலை கையெழுத்து வைச்ச நாளாலை யாழ்ப்பாணத்து யன்னலை அளக்கிறதோ? இதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

பழைய படவரைஞர்:
தம்பி, அது யன்னலுக்கு உதவாது.

வல்வை மைந்தன்:
எல்லாத்துக்கும் உதவும். நல்லூரிலை மந்திரிமனை எண்ட பழைய கட்டடத்தைப் போய்ப் பாருங்கோ. தொல்பொருள் திணைக்களத்தின்ரை பலகை நட்டுக் கிடக்கு, பின்னாலை மரவேலை இருக்கிற கோலத்தையும் பாருங்கோ. பாதுகாத்த வடிவு அது. அந்தப் பாதுகாப்பு எங்கடை வீட்டுக்கும் வேணுமாம்.

கொழும்புத்துறை அக்கா:
சட்டத்தை விடுங்கோ. 95இலை சண்டைக்கால இடப்பெயர்விலை நாங்கள் வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வர, எங்கடை வீட்டிலை ஒரு யன்னல் இல்லை. நிலையோடை சேர்த்துப் பிடுங்கியிருந்துது. அதுக்கு ஆர் ஆரிட்டை அனுமதி எடுத்தவை? இண்டைக்கு லண்டனிலை இருந்து மரபு படிப்பிக்க வந்திட்டினம்.

முதிரை:
நான் தச்சுவேலைக்காரன்ரை மகன், எனக்கும் அதுதான் வேலை. சோளகம் அண்ணை, அலுமினியத்துக்குக் காசு குடுக்க முதல் ஒருக்கால் நில்லுங்கோ.

உங்கடை வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்திலை கட்டின கல்லுச் சுவராய்த்தான் இருக்கும். நிலையின்ரை கொம்பு, அதாவது வெளியிலை நீட்டின நுனி, ரெண்டு பக்கமும் சுவருக்குள்ளை இறங்கியிருக்கும். கன பழைய வீட்டிலை நிலைக்கு மேலை கிடக்கிறது பனை வளையும் கல்லும்தான், கொங்கிறீற் இல்லை. கொம்போடை நிலையை இழுத்தால் மேல்கல்லு இருந்தபடி இருக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். முட்டுக் குடுக்காமல் கழட்டினவை மேல்சுவர் வெடிச்ச பிறகு என்னைக் கூப்பிடுகினம். அலுமினியச் சட்டத்தைத் துளைச்சுத் திருகாணி போட, பழைய சுண்ணாம்பு மாவாய்க் கொட்டும். பிறகு சுத்திவரச் சீமெந்து பூசுவினம். சீமெந்து ஈரத்தை வெளியிலை விடாது, பக்கத்துச் சுவர் ஊறி உப்புப் பூக்கும்.

உளுத்தது கீழ்க்கட்டை மட்டும்தானே? முழு யன்னலையும் ஏன் மாத்துறியள்? அதிலை பழுதான துண்டைச் சரிவாய் அறுத்தெடுத்து, அதே சாதி மரத்திலை துண்டு பொருத்தி, மரஆணி அடிச்சால் உங்கடை பேரப்பிள்ளை காலம் வரை நிக்கும். வெளிப்பக்கம் தண்ணி வழிஞ்சோடச் சரிவு வையுங்கோ. இழுவை யன்னல் பாதிதான் திறபடும் எண்டதையும் யோசியுங்கோ. மேலையும் கீழையுமாய் நாலு கதவு வைச்ச பழைய யன்னலிலை கீழ்ச் சோடியைச் சாத்திப்போட்டு மேலாலை காத்து எடுக்கலாம். மின்சாரம் நிண்ட இரவிலை அதின்ரை அருமை தெரியும்.

குறொய்டன்காரன்:
பாத்தியளே, தச்சரே என்ரை பக்கம்.

முதிரை:
நான் ஒருத்தற்றை பக்கமும் இல்லை. நூறு வருசம் ஆனாலே மறியல் எண்டு நீங்கள் சொல்லுற கதை முழுப் பொய்.

சோளகம்:
முதிரை தம்பி, மரத்துக்கு எங்கை போறது? முதிரை மரம் விக்கிற விலைக்கு மரக்காலை வாசலிலை நிக்கவே பயமாய் இருக்கு. அலுமினியக்காரன் ரெண்டு நாளிலை பூட்டிப்போட்டுப் போறன் எண்டுறான். உங்கடை ஆக்கள் முற்பணத்தை வாங்கிக்கொண்டு கோயில் கொடியேற்றம் எண்டு போனால் தேருக்கும் வரமாட்டினம்.

முதிரை:
எல்லாரையும் ஒரே கோடாலியாலை வெட்டாதேங்கோ. அதோடை, மலாயாக் காசு வீடெண்டால் உங்கடை யன்னல் முதிரையாய் இராது. பர்மாத் தேக்காய்த்தான் இருக்கும்.

வல்வை மைந்தன்:
அந்தத் தேக்கைக் கொண்டந்தது ஆற்றை கப்பல்? எங்கடை கப்பல். வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி 1938இலை அமெரிக்காவின்ரை குளொஸ்ரர் வரைக்கும் பாய் விரிச்சுப் போனது. வண்ணார்பண்ணையார் யன்னலைத் திறக்கேக்கை எங்களை நினைக்க வேணும்.

சோளகம்:
அன்னபூரணி அமெரிக்காக்காரனுக்கு வித்த கப்பல். அது போகத்தான் செய்யும். என்ரை யன்னலுக்கும் அதுக்கும் என்ன? பர்மாவிலை இருந்து நீங்கள் ஏத்தினது அரிசி.

வல்வை மைந்தன்:
அரிசியும் தேக்கும். தெரியாட்டில் வாயை மூடுங்கோ.

கொழும்புத்துறை அக்கா:
பிறகு வேறை சாமானும் ஏத்தினவை. அதையும் எழுதட்டோ?

வல்வை மைந்தன்:
அக்கா, உங்களுக்கு வயசு போனதாலை மரியாதை தாறன்.

பழைய படவரைஞர்:
விதி வேணும் எண்டால் தென்பகுதியிலை காலி நகரத்துக் கோட்டையைப் பாருங்கோ. 1988இலை உலக மரபுரிமைப் பட்டியலிலை சேர்ந்தது. உள்ளை சனம் குடியிருக்கு. வீட்டின்ரை முகப்பு, கதவு, யன்னல் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு இருக்கு. வண்ணார்பண்ணைக்கு அப்பிடி ஒண்டைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறமோ? இல்லை. இல்லாத சட்டத்தைக் காட்டி வெருட்டத்தான் ஆள் இருக்கு.

குறொய்டன்காரன்:
இல்லாத சட்டமோ? நூறு வருசம் எண்டு நீங்களே எழுதினது மேலை கிடக்கு. அழிக்காதேங்கோ, நான் படம் எடுத்து வைச்சிருக்கிறன்.

லூசியம் மருமோன்:
வர்த்தமானி இலக்கத்தைப் போடுங்கோ அண்ணை.

குறொய்டன்காரன்:
நூறு வருசம் ஆன வீட்டுக்கு என்ன இலக்கம்? உங்கடை மாமனார் சுன்னாகத்து வீட்டுக் கதவுகளைத் தென்பகுதி ஹோட்டல் ஒண்டுக்கு லொறியிலை ஏத்தினவர் எல்லே? அதுக்கு ஆர் இலக்கம் குடுத்தது?

லூசியம் மருமோன்:
மாமாவை இழுக்காதேங்கோ. அது ஓட்டை விழுந்து மழையிலை கிடந்த வீடு. கதவுக்கு வந்த காசிலைதான் கூரை போட்டவர். நீங்கள் கோயில் கணக்கு வைச்சிருந்த காலத்துக் கதையை நான் இன்னும் தொடங்கேல்லை.

குறொய்டன்காரன்:
தொடங்குங்கோ! எல்லாருக்கும் முன்னாலை தொடங்குங்கோ. அதுக்கு முதல் படவரைஞர் ஐயா ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லட்டும்.

முதிரை:
சோளகம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை காலமை வந்து நிலையைத் தட்டிப் பாக்கட்டோ?

சோளகம்:
வாங்கோ. அலுமினியக்காரனையும் அதே நேரத்துக்குத்தான் வரச்சொல்லியிருக்கிறன்.

வல்வை மைந்தன்:
"அரிசி" எண்டவர் இன்னும் மன்னிப்புக் கேக்கேல்லை.