டவுப்போ அயன்மேனுக்கு கொழும்பில இருந்து போறன், குளிர், சைக்கிள், சாப்பாடு பற்றித் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தை_பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். வாற மார்ச் நியூசிலாந்து டவுப்போ அயன்மேனுக்கு பேர் குடுத்திட்டன், பாதி இல்ல முழுசு, 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், பிறகு ஒரு மரதன். இவ்வளவு நாளும் 70.3 எண்ட பாதித்தூர ரேஸ் மட்டும்தான் செய்தது, அதுவும் எங்கட மாதிரி சூட்டு நாடுகளில. நீச்சல் கல்கிசை கடலில, சைக்கிள் விடியக்காலமை பாராளுமன்ற ரோட்டுப் பக்கம், ஓட்டம் மரைன் டிரைவில. பயிற்சி கோச் பாத்துக்கொள்ளுவார், அது பிரச்சினையில்ல, எனக்கு யோசனை மற்ற விசயங்கள்தான். வெட்சூட் (குளிர் தண்ணிக்குப் போடுற ரப்பர் உடுப்பு) வாழ்க்கையில போட்டதே இல்ல, இங்க எங்க போட்டுப் பழகிறது? எத்தினை நாள் முந்திப் போகவேணும், ஒஃபிசில ஒரு கிழமைக்கு மேல லீவு தர மூக்கால அழுவினம். சைக்கிளை ஏர்போர்ட்டில பிரிச்சு மேய்வாங்களாமே உண்மையா? காசு அளவாத்தான் இருக்கு, எதில செலவழிக்கிறது எதில மிச்சம் பிடிக்கிறது எண்டும் சொன்னா நல்லம்.

தெஹிவளை_சுறா:
தம்பி முதல்ல தண்ணியைக் கதைப்பம். கல்கிசையில நீ நீந்திற தண்ணி 28 பாகை, உப்புத் தண்ணி வேற, தானா மிதக்க வைக்கும். டவுப்போ நன்னீர் ஏரி, நியூசிலாந்தின்ர ஆகப் பெரிய ஏரி, பழைய எரிமலை வெடிச்ச குழி, மார்ச்சில தண்ணி 20 பாகைக்குக் கிட்டத்தான் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவு, அடியில கல்லுத் தெரியும், ஆனா முகத்தை உள்ள வச்ச உடன நெஞ்சு இறுகி மூச்சு வராது, அதுதான் கொழும்பு ஆக்களுக்கு முதல் அடி. நீந்தத் தெரியாததால இல்ல, உடம்பு அப்பிடித்தான் செய்யும், ஒண்டு ரெண்டு நிமிசத்தில அடங்கும். அதனால தொடங்க முந்தி தண்ணிக்க இறங்கி, வெட்சூட்டின்ர கழுத்தை இழுத்து உள்ள கொஞ்சம் தண்ணி விட்டு, முகத்தை வச்சு ஊதி ஊதி எடுத்து பழக்கிப்போட்டு வா. வீட்டிலயும் ஒரு பேசின்ல ஐஸ் போட்டு முகத்தை வச்சுப் பாக்கலாம், அம்மா விசர் எண்டுதான் சொல்லுவா, பரவாயில்ல.

வெட்சூட் கட்டாயம் வேணும். தண்ணி 24.5 பாகை வரைக்கும் எங்கள மாதிரி ஏஜ் குரூப் (தொழில்முறை இல்லாத) ஆக்களுக்கு அனுமதி, தடிப்பு 5 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. இங்க டைவிங் கடைகளில இருக்கிறதை வாங்கிப்போடாதே, அது தோள் அசையாது, ரெண்டு கிலோமீட்டரில கை கழண்டிடும். ட்ரையத்லனுக்கெண்டு, அதாவது இந்த நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டிக்கெண்டு செய்ததுதான் வேணும், அங்க வாடகைக்கும் எடுக்கலாம். சொந்தமா வாங்கினா நீச்சல் குளத்தில போட்டு ஒரு 400 மீட்டர் அடிச்சுப் பார், அதுக்கு மேல போனா இந்தச் சூட்டில அவிஞ்சு போவாய். கழுத்தில வசலின் தடவாட்டி அறுத்துப்போடும். வெட்சூட் காலைத் தூக்கிக் குடுக்கும், அதால நன்னீரில மிதப்புக் குறையிறது பெரிசாத் தெரியாது.

உனக்கு ஒரு நல்ல விசயம், டிசம்பரில இருந்து மார்ச் வரைக்கும் எங்கட பக்கக் கடல் அமைதி, நீளமா நீந்திப் பழக அதைவிட நல்ல காலம் இல்ல. இதே ரேஸ் மே மாசம் கழிச்சு வந்திருந்தா தென்மேல் காத்துக்குள்ள மாட்டியிருப்பாய்.

கொம்பனித்தெரு_டயர்:
மச்சான் சைக்கிள் விசயம் நான் சொல்றேன். ஏர்போர்ட்ல பிரிச்சு மேயிறது உண்மைதான், ஆனா நீ ஒழுங்கா இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. அவங்களுக்கு மண்ணு, விதை, பூச்சி உள்ள வந்துடக் கூடாது, அவ்வளவுதான். பாவிச்ச சைக்கிள், ஓடின சப்பாத்து, வெட்சூட் எல்லாத்தையும் டிக்ளேர் பண்ணு. டயர் இடுக்கு, செயின், சப்பாத்துக்கு அடி எல்லாம் பல்லு விளக்கிற பிரஷ் போட்டுக் கழுவி நல்லா காயவிட்டு பெட்டியில வை. ஒளிச்சு மாட்டினா அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம், டிக்ளேர் பண்ணின சாமான் கூடாதுன்னா எடுத்து வீசுவாங்க, தண்டம் இல்ல. எதைப் பத்தியும் சந்தேகம்னா ஓம்னு அடிச்சிடு.

டிக்கெட் எடுக்கும்போது சிங்கப்பூர் வழியா பாரு. ஆஸ்திரேலியா வழியா மலிவாத் தெரியும், ஆனா நம்ம பாஸ்போட்டுக்கு அங்க மாறி ஏறவே ட்ரான்சிட் விசா கேப்பாங்க, சிங்கப்பூர்ல அந்தத் தலையிடி இல்ல. ஒக்லாந்துல இறங்கி வாகனத்தில மூன்றரை மணித்தியாலம் போல, இடப்பக்கம்தான் ஓடணும், நம்ம ஊரு மாதிரியே. காஸ் சிலிண்டர் அடிச்சு டயர் ஊதுறவன்னா அதை இங்கேருந்து கொண்டு போகாதே, அங்க வாங்கு.

இனி ரோடு. யாரும் சொல்ல மாட்டாங்க, இதை நல்லா கேட்டுக்கோ. அந்த நாட்டு ரோட்டுல கார்ப்பெட் கிடையாது, தார் ஊத்தி மேல சல்லிக்கல்லைத் தூவி அமத்தின ரோடு. பாராளுமன்ற ரோட்டுல மணிக்கு 34 கிலோமீட்டர் போற சக்திக்கு அங்க 31 வந்தா சந்தோஷப்படு, 180 கிலோமீட்டரும் கை விறைக்கும், இறுக்காத ஆணி எல்லாம் கழண்டு விழும், போத்தல் துள்ளிப் போகும். 28 மில்லிமீட்டர் டயர் போடு, காத்தைக் குறை, போத்தல் கூட்டை இறுக்கிக்கோ. ஏரோ ஹெல்மட், கார்பன் வீல்னு காசைக் கொட்டாதே, அந்தக் காசுக்கு ரெண்டு நாள் கூடத் தங்கலாம். பெரிய மலை இல்ல, ரெப்போரோவா பக்கம் போற வழி ஏத்தம் இறக்கமா இருக்கும், காத்தும் அடிக்கும். கொழும்புக்குள்ள அதுக்குப் பழக ஏலாது, ஞாயிறுல அவிசாவளை தாண்டி கினிகத்தேனைப் பக்கம் போ.

பாணந்துறை_பிளக்ஸ்:
ஏன்டாப்பா இவ்வளவு தூரம். ஒஸ்ட்ரியாவில கிளாகன்ஃபுர்ட் இருக்கு, வோர்தசே ஏரி, ஜூன் மாசம், தண்ணி டவுப்போவை விடச் சூடு, நீச்சல் கடைசித் துண்டு ஒரு ஒடுங்கின கால்வாய்க்குள்ள வரும், ரெண்டு கரையிலயும் சனம் நிண்டு கத்தும். ரோடும் பட்டு மாதிரி.

கொம்பனித்தெரு_டயர்:
பட்டு ரோடு சரி, ஷெங்கன் விசாவுக்கு அப்பொயிண்ட்மென்ட் நீ எடுத்துத் தாறியா? அவன் பேர் குடுத்திட்டான், விடு.

கொட்டாஞ்சேனை_அக்கா:
தம்பி நான் ரேஸ் ஓடுறவள் இல்ல, எங்கட வீட்டு மனுசனோட பின்னால பெட்டி தூக்கிப் போறவள், அதால உங்களுக்கு ஒருத்தரும் சொல்லாததைச் சொல்லுறன். லீவு விசயத்தில ஒரு கிழமை காணாது. மார்ச்சில அங்கயும் எங்களுக்கும் ஏழரை மணித்தியால வித்தியாசம், கிழக்குப் பக்கம் போறது, எங்களுக்கு இரவு பதினொன்றரை எண்டால் அங்க காலமை 7 மணி, அதுதான் ரேஸ் தொடங்கிற நேரம். நித்திரை கொள்ளவேண்டிய நேரத்தில பீரங்கிச் சத்தம் கேட்டு ஏரிக்குள்ள பாயப்போறியள் எண்டு நினைச்சுப் பாருங்கோ. ரேஸ் சனிக்கிழமை எண்டால் முந்தின சனிக்கிழமையாவது அங்க நிக்கவேணும். ஏலாதெண்டால் கடைசிக் கிழமை வீட்டில இருந்தே வெள்ளனப் படுத்து வெள்ளன எழும்புங்கோ, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்குத் தள்ளி.

சாப்பாடு: தேன் கொண்டுபோகவே கூடாது, பழமும் இறைச்சியும் அப்பிடித்தான். கிலோக் கணக்கில சமபோஷ மாவும் எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டு போய் அங்க ஒவ்வொண்டாத் திறந்து காட்டிக்கொண்டு நிக்காதேங்கோ. ஒக்லாந்து சாண்ட்ரிங்ஹம் பக்கம் எங்கட சாமான் விக்கிற கடைகள் இருக்கு, சிவப்பரிசி, பருப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு போகலாம். சமையலறை உள்ள இடமாப் பாத்து நேரத்தோட புக் பண்ணுங்கோ, டவுப்போ சின்ன ஊர், ரேஸ் கிழமை இடமே இராது. தங்கிற இடத்துக்கு முன்னமே காசு கட்டினா விசாவுக்கும் உதவி, கட்டாட்டி மாசத்துக்கு 1000 நியூசிலாந்து டொலர் காட்டவேணும், கட்டினா 400 காணும். ரேஸுக்குப் பதிஞ்ச கடிதத்தையும் விசாவோட சேர்த்துப் போடுங்கோ.

குளிரை மறந்திட்டன். விடிய 10 பாகை வரைக்கும் இறங்கும், ஈர உடுப்போட சைக்கிளில ஏறினா முதல் மணித்தியாலம் பல்லுக் கிட்டும். கைக்குப் போடுறதும் ஒரு மெல்லிய ஜக்கெட்டும் நீச்சல் முடிஞ்சு உடுப்பு மாத்திற பையில வையுங்கோ, ரெண்டு நிமிசம் போனாப் போகட்டும். ஆனா குளிர்தானே எண்டு வெயிலை நம்பாதேங்கோ, அந்த நாட்டு வெயிலும் தோலை உரிக்கும்.

வெள்ளவத்தை_பெடியன்:
அக்கா, சுறா அண்ணா, டயர் மச்சான் எல்லாருக்கும் நன்றி. வீல் வாங்க வச்ச காசை ரூமுக்குத் திருப்பியாச்சு, லீவுக்கு நாளைக்கு மனேஜரோட கதைக்கிறன். இன்னும் ரெண்டு கேள்வி. குளிர் பழக சனவரியில நுவரெலியா போய் சைக்கிள் ஓடினா பிரயோசனமா? மற்றது அம்மாவும் வரப்போறன் எண்டு நிக்கிறா, எங்க நிண்டா என்னைப் பாக்கலாம்?

தெஹிவளை_சுறா:
நுவரெலியா நல்ல ஐடியா, விடிய 6 மணிக்கு உடுப்பை நனைச்சுப்போட்டு ஏறு, அப்பத்தான் என்ன போடவேணும் எண்டு தெரியும். நெடுக அங்க நிக்காதே, ஒரு சனி ஞாயிறு போதும். முடிக்கவேண்டிய கடைசி நேரக் கணக்கையும் எழுதி ஹாண்டிலில ஒட்டு, நீச்சலுக்கு 2 மணி 20 நிமிசம், சைக்கிள் முடிய தொடக்கத்தில இருந்து பத்தரை மணித்தியாலம், எல்லாம் முடிய 17, அதாவது நடுச்சாமம்.

கொட்டாஞ்சேனை_அக்கா:
அம்மாவைத் தாராளமாக் கூட்டிக்கொண்டு போங்கோ. விடிய ஏரிக்கரைக்கு வெள்ளனப் போகச் சொல்லுங்கோ, அந்த நாட்டுப் பூர்வீக மாவோரி ஆக்கள் வரவேற்புச் செய்வினம், தண்ணியில வள்ளமும் நிக்கும், அதைப் பாக்காம விடக்கூடாது. சைக்கிள் நேரம் ஊருக்கு வெளியால போயிடுவியள், அப்ப ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கட்டும். ஓட்டம் ஏரிக்கரையால திருப்பித் திருப்பி வாறது, ஒரு இடத்தில கதிரை போட்டு இருந்தாலே கனதரம் பாக்கலாம். ஸ்வெட்டர் ரெண்டு கொண்டுபோகச் சொல்லுங்கோ, இரவு நீங்க ஓடிக்கொண்டிருப்பியள், அவ இருந்துகொண்டிருப்பா.