அளம் பார்த்த கண்

குழு: வேதாரண்யம் வீடு

*திங்கள்*

வசந்தா: எல்லோரும் எழுந்தாயிற்றா? கார்த்தி ஆபீஸ் வேலையாக வெளியூர் போய் 5 நாள் ஆகிறது. இப்போது விமானத்தில் இருக்கிறான், போன் போகவில்லை. அவனுடைய பவளத் தொட்டியில் பூ மாதிரி விரிந்து ஆடுமே, எல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ராஜம்: செவ்வாய்க்கு மோதிரத்தில் போடுகிற பவளமா அண்ணி? விலை போய்விடுமே!

திவ்யா: அது வேறு சாதி அத்தை. இது கல் பவளம். அந்தப் பூ ஒவ்வொன்றும் ஓர் உயிர். கடல் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு அடியில் கல்லாகக் கட்டிக்கொள்ளும்.

ராஜம்: ராமேஸ்வரம் பக்கம் கிடைக்காதா? நம் கூடத்திலும் ஒன்று வைக்கலாமே.

முருகையன்: வைத்தால் வனத்துறை வாசலில் நிற்கும் அக்கா. 1972 சட்டத்தில் புலி இருக்கிற முதல் அட்டவணையில் 2001இல் இதையும் சேர்த்துவிட்டார்கள். சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் 2 தீவு முழுகிப்போனது. அங்கே வெளிநாட்டில் கார்த்தி வைத்திருப்பது பண்ணையில் வளர்த்தது.

முருகையன்: அது கிடக்கட்டும். அண்ணி, தொட்டியில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

வசந்தா: தினமும் 3 லிட்டர் குறைகிறது தம்பி. வெள்ளை கேன் ஒன்று, நீல கேன் ஒன்று வைத்துவிட்டுப் போனான். வெள்ளையில் வெறும் நல்ல தண்ணீர், நீலத்தில் உப்புத் தண்ணீர். கடல் தொட்டிக்குக் கடல் தண்ணீர்தானே? அதைத்தான் ஊற்றினேன்.

முருகையன்: போச்சு! ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர் அண்ணி. உப்பு அங்கேயேதான் இருக்கும். அதன் மேல் இன்னும் உப்பு ஊற்றியிருக்கிறீர்கள். நாங்கள் உப்பளத்தில் பண்ணுவதும் இதுதான். கடல் தண்ணீர் உள்ளே வரும்போது அடர்த்தி 3 டிகிரி, வெயிலில் காய்ந்து 25 ஆனால் உப்புப் பூக்கும்.

வசந்தா: ஐயோ, பிள்ளை தொட்டியில் உப்பு விளைவித்துவிட்டேனா!

முருகையன்: அவ்வளவு தூரம் போகாது. ஆனால் மாவடு உப்பில் சுருங்குகிற மாதிரி சுருங்கியிருக்கும்.

ராஜம்: அப்படியென்றால் தொட்டி மேல் ஓடுகிற ஃபேனை நிறுத்திவிடுங்கள் அண்ணி, தண்ணீரே குறையாது.

*மதியம்*

கார்த்தி: இறங்கிவிட்டேன். எல்லாம் படித்தேன். அத்தை, ஃபேனில் மட்டும் கை வைக்க வேண்டாம்! அதுதான் தண்ணீரின் சூட்டை 26 டிகிரியில் வைத்திருக்கிறது. 30ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளத்துக்குள் இருக்கும் பாசி வெளியேறிவிடும். அந்தப் பாசிதான் பவளத்துக்குப் பெரும்பாலான சோறு போடுகிறது. அப்புறம் வெளுத்துப்போகும்.

கார்த்தி: அம்மா, நிறம் எப்படி இருக்கிறது? உப்பு அளக்கிற கண்ணாடி, அந்த ரிஃப்ராக்டோமீட்டரில் எவ்வளவு?

வசந்தா: நிறம் பழுப்பாகத்தான் இருக்கிறது, வெளுக்கவில்லை. கண்ணாடியில் 37க்கும் 38க்கும் நடுவில் கோடு நிற்கிறது.

கார்த்தி: அப்பாடா. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டி, 15 லிட்டர் உப்புத் தண்ணீர், சித்தப்பா கணக்கு சரிதான். ஒரே நாளில் இறக்கிவிடாதே அம்மா, அதிர்ச்சியிலேயே செத்துவிடும். தினமும் தொட்டியிலிருந்து 3 லிட்டர் எடுத்துவிட்டு வெள்ளை கேன் தண்ணீர் 3 லிட்டர் விடு. ஆவியாகிக் குறைவதற்கும் வெள்ளை கேன்தான். பவளத்தின் மேல் நேராக ஊற்றாமல் கீழே இருக்கிற சின்னத் தொட்டியில் மெதுவாக. குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

கார்த்தி: தப்பு என்னுடையது. கேனில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

வசந்தா: நீல கேனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

*சனி*

வசந்தா: 35! சுத்தியல் மாதிரி நுனி வைத்த பெரியதுகூட விரல் நீட்டி ஆடுகிறது. படம் பாருங்கள்.

ராஜம்: அழகு அண்ணி! திருஷ்டி சுற்றிப் போடுங்கள்.

திவ்யா: உப்பு மிளகாய் வைத்துச் சுற்றச் சொல்லாதீர்கள் அத்தை, பெரியம்மா பயந்துவிடுவார்கள்.

முருகையன்: உங்கள் தொட்டியில் டிகிரி இறங்கியது சந்தோஷம் அண்ணி. இங்கே ராத்திரி கோடை மழை அடித்து அளத்திலும் இறங்கிவிட்டது. வாருவதாக இருந்த பாத்தியெல்லாம் கரைந்துபோய் நிற்கிறது.