ரீபூட் பண்ணா பழைய ஹோஸ்ட்நேமே (நெட்வொர்க்ல மெஷினோட பேரு) திரும்ப வருது, யாராச்சும் உதவுங்க

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். ரங்கூன்ல நம்ம கோயில் ஆபீஸ்ல ஒரு பழைய பெட்டில உபுண்டு சர்வர் 22.04 ஓடுது, நன்கொடை ரசீது கணக்கு எல்லாம் அதுலதான். பக்கத்துல இன்னொரு மெஷினும் அதே பேர்ல இருக்கறதால நெட்வொர்க்ல எது எதுன்னே தெரியல, சரி மாத்துவோம்னு சூடோ போட்டு ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் குடுத்தேன், உடனே மாறிடுச்சு, இடிசி ஃபோல்டர்ல ஹோஸ்ட்நேம் ஃபைலையும் பாத்தேன், புதுப் பேர்தான் இருந்துச்சு. ஆனா இங்க கரண்டு கதைதான் தெரியுமே, போயிட்டு வந்து மெஷின் எந்திரிச்சா மறுபடி பழைய பேரு!

வெறும் ஹோஸ்ட்நேம் கமாண்டு போட்டா ரீபூட் வரைக்கும்தான்னு தெரியும், இது அது இல்ல. தம்பி ஒருத்தன் இது கிளவுட்-இனிட் (மெஷின் பூட் ஆகும்போது பேரு, நெட்வொர்க் எல்லாம் செட் பண்ற புரோகிராம்) பண்ற வேலை, இடிசி கிளவுட் ஃபோல்டர்ல இருக்கற கிளவுட்.சிஎஃப்ஜி ஃபைல்ல பிரிசர்வ்_ஹோஸ்ட்நேம ட்ரூ ஆக்குன்னு சொல்றான். அது மட்டும் போதுமா? ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல 127.0.1.1 வரியிலயும் புதுப் பேர போட்டுட்டேன் (இல்லன்னா சூடோ அடிக்கும்போதெல்லாம் ஹோஸ்ட் தெரியலன்னு புலம்புது), அதையும் கிளவுட்-இனிட் திருப்பி எழுதிடுமா?

ஆபீஸ் மூலைல கெடக்கற பெட்டிக்கு கிளவுட்-இனிட்டே எதுக்குன்னு தோணுது, அதே இடிசி கிளவுட் ஃபோல்டர்ல கிளவுட்-இனிட்.டிசேபிள்ட்னு ஒரு காலி ஃபைல் வெச்சா மொத்தமா நின்னுடுமாம். ஆனா நெட்ப்ளான் ஃபைல (ஐபி மாதிரி நெட்வொர்க் செட்டிங் இருக்கற ஃபைல்) கிளவுட்-இனிட்தான் எழுதி வெச்சிருக்கு, நிறுத்தினா ஐபி செட்டிங் போயிடுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, ரிமோட்ல பாக்க ஆள் இல்ல, நெட்டு போச்சுன்னா நான்தான் ஓடணும்.