கடைக்குப் புது கம்ப்யூட்டர்: எக்செலா, லிப்ரே ஆபீஸா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லாப்பெட்டி:
ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை. விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. தேவை: ஜிஎஸ்டி பில், ஸ்டாக் லிஸ்ட், கடன் கணக்கு, தமிழில் விலைப்பட்டியல், மாசக் கடைசியில் ஆடிட்டருக்கு ஒரு ஃபைல். மெஷின் விற்றவர் “500 ரூபாய்க்கு ஆபீஸ் போட்டுத் தரேன்” என்கிறார். போடலாமா?

ஆணிவேர்:
வேண்டாம். அந்த 500 ரூபாய் ஆபீஸ் ரெண்டு வகை. ஒன்று, லைசன்ஸ் இருப்பதாகக் காட்டும் ‘ஆக்டிவேட்டர்’ என்ற திருட்டு புரோகிராமை வைத்து ஏமாற்றுவது. அதை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த கதவு வழியாக வேறு எது வந்தாலும் தெரியாது. இன்னொன்று, ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்த லைசன்ஸ் கீயைப் பிரித்து விற்பது. சில மாசம் ஓடும், ஒருநாள் மேலே சிவப்புப் பட்டை வந்து எடிட் பண்ண விடாது. அது பெரும்பாலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு நாளாகத்தான் இருக்கும்.

மெஷினோடு ஆபீஸ் வந்திருந்தால் பெயரைப் பாருங்கள். ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ என்று இருந்தால் அதன் உரிமம் வீட்டு உபயோகத்துக்கு. கடை பில்லுக்கு இல்லை. வியாபாரத்துக்கு ‘ஹோம் அண்ட் பிசினஸ்’, இல்லை என்றால் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் சந்தா. வருஷத்தையும் பாருங்கள். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரைதான். பழைய ஸ்டாக்கை “லைஃப்டைம்” என்று தள்ளிவிடுவார்கள், கவனம். 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் வரை உண்டு.

இலவசம் போதும் என்றால் லிப்ரே ஆபீஸ். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, கடையில் ஓட்டவும் தடை இல்லை. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று அப்பாச்சி ஓப்பன் ஆபீஸை இறக்கிவிடாதீர்கள்; அது எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்காது.

வவுச்சர்:
எதை வாங்குவது என்பதற்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: ரிட்டர்ன் யார் போடுகிறார்கள்?

ஜிஎஸ்டி போர்ட்டலில் கிடைக்கும் எக்செல் ஆஃப்லைன் யுடிலிட்டிகள் (ஜிஎஸ்டிஆர்-3பி, ஜிஎஸ்டிஆர்-4, ஜிஎஸ்டிஆர்-9) மேக்ரோவில், அதாவது ஷீட்டுக்குள்ளேயே எழுதிய குட்டி நிரலில் ஓடுபவை. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் எக்செல் இருந்தால்தான் வேலை செய்யும். லிப்ரேயில் திறந்தால் கட்டங்கள் தெரியும், ‘வேலிடேட்’ பட்டன் அழுத்தினால் அசையாது. ஒன்லிஆபீஸ் என்ற இன்னொரு ஆபீஸிலும் அதே கதி, அதன் மேக்ரோ மொழியே வேறு. ஆகவே நீங்களே அந்த யுடிலிட்டியில் போடுவதாக இருந்தால் எக்செல் வாங்கத்தான் வேண்டும். ஆடிட்டர் போடுகிறார், நீங்கள் விற்பனை, கொள்முதல் லிஸ்ட் மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் லிப்ரே தாராளம்.

அப்படியானால் முதல் நாளே லிப்ரேயில் டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லோடு/சேவ் > ஜெனரல் போய், ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு ‘ஆல்வேஸ் சேவ் ஆஸ்’ என்பதை எக்செல் 2007–365 என்று மாற்றுங்கள். ‘ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி’ என்பதையும் அதே பக்கத்தில் டிக் பண்ணிவிடுங்கள்.

கல்லாப்பெட்டி:
ஆடிட்டர்தான் போடுகிறார். பில்லை எக்செல் ஷீட்டிலேயே போடலாமா? டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) வாங்கு என்கிறார்கள்.

வவுச்சர்:
ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து பில் என்றால் ஷீட் தாங்கும். முப்பது, நாற்பது போனால் பில்லிங் சாஃப்ட்வேர் பக்கம் போங்க. லைசன்ஸ் இல்லாத டேலியின் ‘எஜுகேஷனல் மோட்’ பழகிப் பார்க்க மட்டும். மாசத்தில் 1, 2, 31 தேதிகளில்தான் என்ட்ரி போட விடும்.

ஷீட்டில் போட்டால் பில் நம்பர் 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் திரும்ப வராதபடி இருக்கணும். இடையில் சாய்கோடு, சிறுகோடு தவிர வேறு குறி கூடாது. விற்றுமுதல் 5 கோடிக்குள் என்றால், ஜிஎஸ்டி எண் உள்ளவருக்குப் போடும் பில்லில் ஹெச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு) 4 இலக்கம் வேணும். நோட்டு 4820, பேனா 9608.

தசமபுள்ளி:
ஸ்டேஷனரி கடை என்பதால் இதைச் சொல்லியே ஆகணும். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பருக்கு வரி இல்லை. ஜாமெட்ரி பாக்ஸ் 12 சதவீதத்திலிருந்து 5. பேனா 18-லேயே நிற்கிறது. வரி விகிதத்தைத் தனி ஷீட்டில் வைத்து வி-லுக்கப் (வேறு ஷீட்டில் தேடி எடுக்கும் ஃபார்முலா) மூலம் இழுப்பது நல்ல பழக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஷீட்டில் 12-ஐ 0 ஆக்கிய அந்த நொடியில் ஆகஸ்டில் போட்ட நோட்டு பில் எல்லாம் 0 ஆகிவிடும்! ஆடிட்டரிடம் போன தொகைக்கும் உங்கள் ஃபைலுக்கும் ஒட்டாது. பில் முடிந்ததும் அந்த பில் வரிசையைக் காப்பி பண்ணி, ‘பேஸ்ட் ஸ்பெஷல் – வேல்யூஸ்’ போட்டு எண்ணாகவே உறைய வைத்துவிடுங்கள். பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் கணக்கு வைத்திருக்கணும். அன்றைக்கு எந்த சாஃப்ட்வேர் இருந்தாலும் பிடிஎஃப் திறக்கும்.

அடுத்தது பைசா. 5 சதவீத வரி உட்பட 99 ரூபாய்க்கு விற்கும் பொருள். 1.05-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய மதிப்பு 94.2857, மத்திய வரி 2.3571, மாநில வரி 2.3571. ஷீட் இரண்டு தசமம்தான் காட்டும்: 94.29 + 2.36 + 2.36. கூட்டினால் 99.01, கீழே மொத்தம் 99.00. வாடிக்கையாளர் கால்குலேட்டர் எடுத்தால் மானம் போகும். செல் ஃபார்மட்டில் தசமத்தைக் குறைப்பது முகப்பூச்சு, உள்ளே எண் அப்படியேதான் இருக்கும். முதலில் வரியை ‘ரவுண்ட்’ ஃபார்முலாவில் 2 தசமத்துக்கு முழுமையாக்குங்கள் (2.36), பிறகு 99-லிருந்து இரண்டு வரியையும் கழியுங்கள்: 94.28. எக்செலோ லிப்ரேயோ, இது ஒன்றுதான்.

பூட்டுச்சாவி:
பார்கோடு இருக்கிற கடையா? சப்ளையர் அனுப்பும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலை எக்செலில் டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க. 890-இல் தொடங்கும் 13 இலக்க எண்ணை 8.9E+12 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கினதுதான் ஃபைலில் விழும், அசல் எண் திரும்பாது. முன்னாடி சுழியம் இருந்தால் அதுவும் போச்சு. எக்செலில் டேட்டா > ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகப் போய் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்க. இந்த விஷயத்தில் லிப்ரே தேவலை: திறக்கும்போதே ஒரு பெட்டி வந்து கேட்கும், நெடுவரிசையைத் தொட்டு டைப்பை ‘டெக்ஸ்ட்’ ஆக்கினால் முடிந்தது.

தேதியும் அப்படித்தான். விண்டோஸ் ரீஜன் அமெரிக்காவில் நின்றால் 05/04 என்று அடிப்பது மே 4 ஆகும். 13/04 அடித்தால் அது தேதியே ஆகாமல் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மாசக் கூட்டலில் வராது. ரீஜனை இங்கிலீஷ் (இந்தியா) ஆக்குங்க, எக்செலில் 1,00,000 என்று லட்சக் காற்புள்ளியும் தானாக வரும். லிப்ரேக்கு அதன் ஆப்ஷன்ஸில் ‘லொகேல்’ (நாடு, மொழி அமைப்பு) தனியாக இருக்கு, அதையும் பார்த்துக்கோங்க.

கல்லாப்பெட்டி:
பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருக்கு. புது மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருது.

ஆணிவேர்:
அதில் இருப்பதே ஆங்கில எழுத்துதான், பாமினி எழுத்துரு மேலே தமிழ் வேஷம் கட்டியிருந்தது. எழுத்துருவை மறுபடி நிறுவினால் தெரியும், ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது. என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றியில் போட்டு, எல்லா இடத்திலும் தமிழாகவே தெரியும் யுனிகோடாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஆங்கிலத்தில் இருந்த பிராண்ட் பெயர்களையும் தமிழாக நினைத்துக் குதறிவிடும், அந்த நெடுவரிசையை ஒதுக்கி வையுங்கள்.

இனி தட்டச்சு விண்டோஸ் 11-இலேயே: செட்டிங்ஸ் > டைம் அண்ட் லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து, கீபோர்டில் தமிழ்99 எடுங்கள். லிப்ரேயில் தமிழுக்கு எழுத்துரு தனிக் கணக்கு, ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்’ என்ற பிரிவில். ஆங்கிலம் 11, தமிழ் வேறு அளவு என்று ஒரே வரியில் ஏறி இறங்கினால் அங்கே போய் நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்து அளவைச் சரிசெய்யுங்கள்.

பூட்டுச்சாவி:
கரண்ட் போகிற ஊரா? ஆட்டோரெகவரி (தானாக நகல் சேமிப்பது) எக்செல், லிப்ரே ரெண்டிலும் 10 நிமிஷம் என்று இருக்கும், 2 ஆக்குங்க. கரண்ட் வந்து திறக்கும்போது லிப்ரே “ஃபைல் லாக் ஆகியிருக்கு” என்றால் பதற வேண்டாம். ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்க. லாக் என்ற பெயரில் லிப்ரே விட்டுப்போன குட்டிக் கோப்பு ஒன்று கிடக்கும், அதை அழித்தால் திறக்கும். வேறு மெஷினில் அதே ஃபைல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிங்க.

கல்லாப்பெட்டி:
கடைசியா ஒன்று. 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் பில் அடித்தால் பாதி வெட்டுப்படுது, கீழே ஒரு முழம் வெறும் பேப்பர் ஓடுது.

தசமபுள்ளி:
பக்கம் ஏ4-இல் நிற்கிறது. ரோல் 80 என்றாலும் அச்சு விழும் அகலம் 72தான்; 58 ரோலில் 48. பேஜ் ஸ்டைலில் அகலம் 80, இரண்டு ஓரமும் 4, ஹெடர், ஃபூட்டர் இரண்டும் ஆஃப். உயரம் 297 என்று இருப்பதால்தான் வெறும் பேப்பர் ஓடுகிறது. பில்லின் நீளத்துக்கேற்ப ஷீட் தானாகச் சுருங்காது. பத்து வரி பில்லுக்கு 150 மி.மீ. வைத்து ஒன்று அடித்துப் பாருங்கள், மிச்சத்தை ஸ்கேலில் அளந்து குறையுங்கள்.