புதுப்பிப்பு: சர்ஜரி ஓபி கூட்டம், எது கைகொடுத்தது

மாலையில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓபி இரவு 11 ஆகியும் முடியவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டோக்கனில் நேரம் குறித்துக் கொடுத்தது எடுபடவில்லை. ஊர்க்காரர்கள் பஸ் வரும் நேரத்துக்குத்தான் வருகிறார்கள். கைகொடுத்தது, கட்டு மாற்றவும் தையல் பிரிக்கவும் வருபவர்களைக் காலைக்கு மாற்றச் சொன்ன யோசனைதான். சீனியர் நர்ஸ் பார்க்கிறார். சீழ், காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு, தையல் விட்டிருப்பது என்றால் மட்டும் என்னைக் கூப்பிடுவார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை மட்டும் நானே பார்க்கிறேன், அதில் சமரசம் இல்லை. இப்போது மாலை ஓபி இரவு 9.30க்குள் முடிகிறது.

எதிர்பாராதது ஒன்று: ஓபி வேகமானதும் புது நோயாளிகள் கூடிவிட்டார்கள். ஹெர்னியா, பித்தப்பைக் கல் ஆபரேஷன்களுக்குக் காத்திருப்பு நீண்டுவிட்டது. சரி, அதைத் தனியாகக் கேட்கிறேன்.